இறந்தோர் உலகைப் படைப்பது எப்படி: மிகைபுனைவு எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

மிகைபுனைவு (ஃபேன்டசி) எழுதத் தொடங்கும் இளையவர்களில் பலர், தம் உலகில் நிலத்துக்கு மேலுள்ள நாடுகளையும் மலைகளையும் மாதக்கணக்கில் வரைகிறார்கள். இறந்தோர் போய்ச் சேரும் இடத்தை எழுத வரும்போது மட்டும் ஓர் இருண்ட குகை, ஒரு நெருப்பாறு, கொம்பு முளைத்த ஓர் அரசன் என்று இரண்டு பத்திகளில் முடித்துவிடுகிறார்கள். அந்த உலகின் மக்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், யாரை மறக்க மறுக்கிறார்கள், எந்தக் கடனைத் தீர்க்காமல் கண்மூடுகிறார்கள் என்பதையெல்லாம் காட்டக்கூடிய இடம் அதுதான் என்பதால், இந்த அவசரம் கதைக்குப் பெரிய இழப்பாகிறது.

திருகோணமலையில் வாழ்பவருக்கு இதற்கான மூலப்பொருள் கண்முன்னே இருக்கிறது. ஆழ்கடலும், வெந்நீரூற்றுகளும், கடலுக்குள் தள்ளப்பட்ட கோயிற் கற்களும், முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியும் ஆடி அமாவாசையும் ஒரே ஊரில் அமைந்திருப்பது எளிதில் வாய்ப்பதன்று. இவற்றைக் கொண்டு ‘ஆழ்புலம்’ என்ற கற்பனை நாடொன்றைப் படிப்படியாக இங்கே கட்டிக் காட்டுகிறேன். இந்த நாட்டின் விதிகள் என்னுடையவை; அவற்றுக்கு அடித்தளமாகும் சடங்குகளும் நிலவமைப்பும் உண்மையானவை.

முதற்படி: மேலே நடப்பதை முதலில் எழுதுங்கள்

இறந்தோர் உலகத்தின் முதல் பக்கம் உயிரோடிருப்போரின் முற்றத்தில் தொடங்க வேண்டும். ஒரு சமூகம் தன் பிணத்தை என்ன செய்கிறதோ, அதிலிருந்துதான் அந்தச் சமூகத்தின் மறுவுலகம் பிறக்கிறது. பண்டை எகிப்தியர் உடலைக் கெடாமல் பாதுகாத்தார்கள். அவர்களுடைய மறுவுலகில் அந்த உடல் தேவைப்பட்டது. கிரேக்கர் இறந்தவரின் வாயில் காசு வைத்தார்கள். அங்கே ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரனுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. பழந்தமிழர் சுட்டார்கள், வெளியில் இட்டார்கள், குழி தோண்டிப் புதைத்தார்கள், நிலவறையில் அடைத்தார்கள், தாழியிற் கவித்தார்கள். ஆதிச்சநல்லூரிலும் இலங்கையின் பொம்பரிப்பிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிகளைப் பார்த்த ஒருவர், அந்த மக்களின் மறுவுலகில் நெருப்பாறு ஓடியதாக எளிதில் எழுதிவிட மாட்டார்.

ஆகவே உங்கள் கற்பனை மக்களின் செத்தவீட்டை ஒரு முழு நாளுக்கு எழுதுங்கள். யார் குளிப்பாட்டுகிறார்கள், யார் வாய்க்கரிசி போடுகிறார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கிறார்களா, சுடலைக்கு யார் போகலாம், யார் படலையோடு நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தீர்மானியுங்கள். பின்னர் ஒவ்வொரு செயலின்போதும் கீழே என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

கொள்ளிக்குடத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளி வைப்பவர் நீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிதையைச் சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருபவர் கத்தி நுனியால் குடத்தில் ஒரு துளையிடுகிறார். முதலில் ஒரு தாரை, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று நீர் அவருடைய முதுகை நனைத்துக்கொண்டு மணலில் விழுகிறது. மூன்றாஞ் சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்து, சிதைக்கு முதுகைக் காட்டியபடியே கொள்ளி வைத்து, திரும்பிப் பாராமல் நடக்கிறார். ஆழ்புலத்தில், மணலில் விழும் அந்த மூன்று தாரைகளும் மூன்று நீரோடைகளாகக் கீழே இறங்குகின்றன. இறந்தவர் அந்த ஓடைகளைப் பின்பற்றித்தான் வாசலைக் கண்டடைகிறார். மேலே ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டால் கீழே ஓடை நின்றுவிடும். இப்படி ஒரேயொரு சடங்கிலிருந்து ஒரு வழியும், ஒரு தடையும், அந்தத் தடையை மீறும் ஒரு மகளின் கதையும் கிடைத்துவிட்டன.

இரண்டாம் படி: இடத்தையும் வாசலையும் நிலத்திலிருந்து எடுங்கள்

‘பூமிக்கு அடியில்’ என்று மட்டும் சொன்னால் வாசகருக்கு எதுவும் தெரியாது. எந்த ஊரின் அடியில், எவ்வளவு ஆழத்தில், எந்தத் திசையில் என்று சொல்லுங்கள். எள்ளும் நீரும் இறைக்கும்போது தெற்கு நோக்கி நிற்பது தமிழர் வழக்கம். உங்கள் மக்கள் எந்தத் திசை நோக்கி நிற்கிறார்கள் என்பது அவர்களுடைய கட்டடங்களையும் படுக்கும் முறையையும்கூட மாற்றும்.

திருகோணமலைக்கு முன்னாலுள்ள கடல், கரையை விட்டு அதிகம் போகாமலேயே ஆழ்ந்துவிடுகிறது. மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து வெளியே செல்லும் கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்குகிறது. இருநூறு மீட்டருக்குக் கீழே மிக மங்கிய வெளிச்சமே இருக்கும். ஆயிரம் மீட்டரில் சூரிய ஒளி என்பதே இல்லை. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்ற அளவில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். நாட்டின் மிக நீண்ட ஆறு மலைநாட்டு மண்ணையெல்லாம் சுமந்து வந்து இறக்கும் இடத்தின் வாயிலிலேயே இப்படியொரு பள்ளம் இருப்பதை அறிந்தபின், ஆழ்புலத்தை வேறெங்கும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆற்றோடு எல்லாம் வந்து சேர்கிறது; மனிதரும் சேர்கிறார்கள்.

வாசலுக்கு, கோணேசர் கோயில் நிற்கும் கடலோரக் குன்றான சுவாமிமலையே போதும். 1620களில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தபோது அதன் கற்கள் கோட்டை கட்டப் போயின, எஞ்சியவற்றுட் பல கடலுக்குள் போயின. 1950களில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி அந்த இடிபாடுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஆழ்புலத்தில் அந்தத் தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன. மேலே இடிக்கப்பட்ட ஒவ்வொன்றும் கீழே கட்டப்பட்டுவிடும் என்பது அந்நாட்டின் கட்டடக்கலை. இறந்த மனிதரைப் போலவே இறந்த கட்டடமும் அங்கே குடியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நகரத்துக்கு ஒரு வரலாறும் வடிவமும் தாமாகவே கிடைக்கின்றன.

வாசலுக்குக் காலமும் வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இக்கடல் கொந்தளிக்கும். பருவத்துக்கு வந்து, வாடி என்னும் தற்காலிகக் குடிசை அமைத்துத் தொழில் செய்த மீனவர் திரும்பிப் போய்விடுவார்கள். ஆழ்புலத்தின் வாசல் அப்போது மூடியிருக்கிறது. மார்கழியில் இறந்தவர்கள் கடற்கரையின் வெறும் வாடிகளில், உக்கிய கிடுகுக் கூரைகளின் கீழே, கடல் தணியும்வரை காத்திருக்கிறார்கள். மாலைக்குப்பின் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாத தாய்மாரின் அச்சத்துக்கு உங்கள் கதையில் இப்போது காரணம் இருக்கிறது.

மூன்றாம் படி: ஒரே ஒரு விதியை வையுங்கள்

நல்ல மறுவுலகம் ஒரு விதியின்மேல் நிற்கும். பண்டை மெசப்பொத்தேமியரின் கீழுலகுக்கு ஏழு வாசல்கள். இறங்கிச் சென்ற தேவியிடமிருந்துகூட ஒவ்வொரு வாசலிலும் ஓர் அணி பறிக்கப்பட்டது. எவராயினும் வெறுங்கையோடு வர வேண்டும் என்ற அந்த ஒரே விதியின் வலிமை பத்துக் காவற்பூதங்களுக்கு இல்லை.

ஆழ்புலத்தின் விதி இது: மேலே பெயர் சொல்லிக் கொடுக்கப்படுவது மட்டுமே கீழே சேரும். அங்கே விளைச்சல் இல்லை, வேட்டை இல்லை, சந்தையில் வாங்க எதுவும் இல்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவில் படைக்கும் உணவும், அந்தியேட்டியில் வைக்கும் பிண்டமும், திவசத்தன்று காக்கைக்கு வைக்கும் சோறும், எள்ளும் தண்ணீருமே அந்நாட்டின் மொத்த வருவாய். விதியை எழுதியதும், விலக்கு எதுவும் வைக்காமல் அதன் விளைவுகளை இறுதிவரை தொடருங்கள். கதாநாயகனுக்காக ஓர் இடத்தில் விதியைத் தளர்த்தினால், அதன்பின் எந்த மரணத்தையும் வாசகர் பொருட்படுத்த மாட்டார்.

நான்காம் படி: வழியை நாட்களாகப் பிரியுங்கள்

இறந்தவுடன் ஒருவர் மறுவுலகின் நடுவில் கண்விழிப்பது பலவீனமான தொடக்கம். நம்மிடையே இறப்புக்குப் பிந்தைய நாட்கள் ஒழுங்கானவை: காடாற்று, எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம். ஆழ்புலத்துக்கான பயணம் முப்பத்தொரு நாட்கள் எடுக்கிறது. காடாற்றி அஸ்தி கடலில் சேரும்போது அவர் நீரில் இறங்குகிறார். எட்டாம் நாளன்று வாசலைக் காண்கிறார். அதன்பின் ஏழு ஊற்றுகளைக் கடக்கிறார். அந்தியேட்டியன்று குடியுரிமை பெறுகிறார்.

ஏழு ஊற்றுகள் கன்னியாவிலிருந்து வந்தவை. நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டரில், தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்ய இராவணன் வாளால் குத்தி நீர் வரவழைத்த இடமென ஐதிகம் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே உள்ளன. சதுரமாகக் கட்டப்பட்ட அவை மூன்று நான்கு அடி ஆழமே கொண்டவை. அடித்தளம் தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றின் சூடும் மற்றதிலிருந்து சற்றே வேறுபடும். வாளியால் மொண்டு ஒன்றிலிருந்து தலையில் ஊற்றிக்கொண்டு, இரண்டடி நகர்ந்து அடுத்ததை ஊற்றும்போது உடம்பு அந்த வேறுபாட்டை உடனே உணரும். ஈமக்கடனுக்காக மக்கள் நெடுங்காலமாக நாடிவந்த அந்த இடத்தைவிடச் சிறந்த வழித்தடத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

ஆழ்புலத்தில் முதல் ஊற்று உடலின் நோவைக் கழுவுகிறது. இரண்டாவது குலப்பெருமையையும் குலத்தால் வந்த இழிவையும், மூன்றாவது தொழிலையும், நான்காவது பகையையும், ஐந்தாவது பேசிய மொழியையும், ஆறாவது கண்ட முகங்களையும், ஏழாவது நேசித்தவர்களின் பெயர்களையும் கழுவுகின்றன. தன் பெயர் மட்டும் கரையாது, மேலே யாராவது அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை. வழியை விளக்கிச் சொல்வதைவிட ஒருவரை அதில் நடக்கவிடுவதே நல்லது:

மூன்றாம் ஊற்றின் படியில் அவள் நின்றாள். ஊற்றுக்காரன் முதல் வாளியை ஊற்றியபோது, வலைக்கயிறு அறுத்து அறுத்துத் தடித்திருந்த விரல்கள் மெதுவாயின. இரண்டாம் வாளியில், அந்தத் தடிப்பு எதனால் வந்தது என்பது போயிற்று. அவன் மூன்றாம் வாளியைத் தூக்கியதும் அவள் கையை நீட்டித் தடுத்தாள்.
“தம்பி, கடைசிப் பிள்ளையின்ர பேரை மட்டும் வைச்சிருக்கட்டோ?”
“அது ஏழாவதில போறது, அம்மா. இன்னும் நாலு கிடக்கு.”

ஐந்தாம் படி: ஆள்பவரைக் கடைசியாக நியமியுங்கள்

பலர் இதிலிருந்து தொடங்குகிறார்கள். அதனால்தான் அவர்களுடைய மறுவுலகம் ஒரு மாளிகையாகச் சுருங்கிவிடுகிறது. விதி தெளிவாக இருந்தால் அரசனுக்கு வேலை குறைவு. நமது எமன் பேரளவில் நீதிமான். கணக்கு சித்திரகுப்தனிடம் இருக்கிறது. கொடுமைக்காரனைவிட, விதியை மீற அதிகாரமில்லாத அலுவலர் ஒருவரே கதைக்கு அதிகம் உதவுவார். ஆழ்புலத்தில் அரசரில்லை. பெயர்களைக் கேட்டுப் பதிவிடும் செவியர் என்ற ஒரு கூட்டத்தார் மட்டும் இருக்கிறார்கள். மேலே சொல்லப்படும் ஒவ்வொரு பெயரையும் கேட்பது அவர்களுடைய கடமை.

ஆறாம் படி: ஐம்புலனுக்கும் வேலை கொடுங்கள்

இருள் என்று எழுதிவிட்டால் கண்ணுக்கு வேலையில்லை; மற்றப் புலன்கள் எழுந்துவிடும். ஆழ்கடல் குளிரானது, கனமானது, ஆனால் ஓசையற்றதன்று. திருகோணமலைக் கடலில் காணப்படும் எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி, முக்கால் மணிநேரத்துக்கு மேலும் அங்கேயே இருந்து இரைதேடி, மூச்செடுக்க மீண்டும் மேலே வருகின்றன. இருளில் அவை ‘டக் டக்’ என்ற ஒலியை எழுப்பி, எதிரொலியால் வழி அறிகின்றன. இரு உலகுக்கும் இடையே போய்வரும் உயிரொன்றைக் கற்பனை செய்து சிறகும் நெருப்பும் கொடுக்கத் தேவையில்லை. அது ஏற்கெனவே அந்தக் கடலில் இருக்கிறது. ஆழ்புலத்தார் திமிங்கிலத்தின் தட்டொலியைக் கேட்டே நாளைக் கணக்கிடுகிறார்கள்.

சுவைக்கு ஆடி அமாவாசை உதவுகிறது. தந்தையை இழந்தவர்கள் அன்று விரதமிருந்து சமைக்கும் காத்தோட்டிக்காயின் கசப்பு ஈழத்தவர் பலருக்கு நாவில் பதிந்தது. ஊற்றுகளைக் கடந்தவர்களுக்கு இனிப்பும் புளிப்பும் மறந்துபோகும். கசப்பு மட்டும் எஞ்சும் என்று வைத்தேன். ஆண்டுக்கொருமுறை அந்தக் கசப்பு வாயில் பட்டதும், தமக்கு ஒரு வீடு இருந்தது என்பதை மட்டும், எந்த வீடு என்பது தெரியாமலே, அவர்கள் உணர்கிறார்கள். தாயை இழந்தவர்களின் சித்திரா பௌர்ணமியும் இதுவும் அந்நாட்டின் இரு பெருநாட்கள். ஒன்று தந்தையருக்கு, மற்றது தாயருக்கு.

ஏழாம் படி: இறந்தோரின் சமூகத்தை எழுதுங்கள்

பெரும்பாலான மறுவுலகங்கள் தோற்குமிடம் இதுவே. வருபவர் எல்லாரும் ஒரே மாதிரி நின்று புலம்புகிறார்கள். மூன்றாம் படியில் வைத்த விதியை இங்கே பொறுமையாகப் பின்தொடர்ந்தால், ஒரு முழுச் சமூகம் உருவாகும்.

பெயர் சொல்லிக் கொடுப்பதே உணவென்றால், பிள்ளைகள் நிறைந்தவர் செல்வர், வாரிசில்லாதவர் பசித்திருப்பவர். மேலே ஏழையாக, ஆனால் பதினொரு பேரப்பிள்ளைகளோடு இறந்த மீனவர் கீழே பெருங்குடிமகன். மேலே காணிகளும் கடைகளும் வைத்திருந்து, கூடப்பிறந்தவர்களோடு முகம் முறித்துத் தனியாக இறந்தவர் அந்த மீனவரின் வாசலில் நிற்கிறார். நான்காம் ஊற்று பகையைக் கழுவிவிட்டதால், தான் ஏன் தனியனானேன் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவருக்குப் பங்கு கொடுப்பதா, வேலை கொடுப்பதா, கதவை மூடுவதா என்பதில் ஆழ்புலத்தின் அரசியல் தொடங்குகிறது.

தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரே சொல்லப்படுகிறது. ஆகவே ஆழ்புலத்து வாழ்வும் மூன்று தலைமுறைதான். பூட்டனாகிவிட்டவர்கள் தம் பெயர் எப்போது நிற்கும் என்று எதிர்பார்த்து, நகரின் விளிம்பில், பள்ளத்தாக்கு மேலும் இறங்கும் சரிவின் அருகில் குடியிருக்கிறார்கள். பெயர் நின்ற நாளில் அவர்கள் சரிவில் இறங்குவார்கள். அங்கே என்ன இருக்கிறது என்பதை எழுதாதீர்கள். மறுவுலகத்திலிருப்போருக்கும் தெரியாத ஓரிடம் இருந்தால்தான், அவர்களுக்கு இழக்க ஏதேனும் மிஞ்சும்.

வழக்குகளையும் எண்ணிப் பாருங்கள். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். தாய் அந்தப் பேரனைச் சாப்பிடக் கூப்பிடும்போது கீழேயும் அதே பெயர் கேட்கிறது. சோற்றில் ஒரு பிடி யாருக்கு உரியது? செவியர் சபையில் மூன்று தலைமுறையாக இந்த வழக்கு நடக்கிறது. நகைச்சுவையாகத் தோன்றினாலும், இதிலிருந்து ஒரு நாவலே எழுதலாம் என்று நான் நம்புகிறேன்.

எட்டாம் படி: வாசலில் நிற்பவர்களை மறக்காதீர்கள்

இதை எழுதும்போது நிதானம் வேண்டும். போரும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையும் இந்தக் கரையில் உடல் கிடைக்காத பலரை விட்டுச் சென்றிருக்கின்றன. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கடன் கழிக்க மரபில் வழியுண்டு. ஆனால் மகன் எங்கோ உயிரோடிருக்கிறான் என்று நம்பும் தாய் தர்ப்பையைத் தொடமாட்டாள். அந்தியேட்டி செய்தால், அவன் இல்லை என்று அவளே சொன்னதாகிவிடும்.

ஆழ்புலத்தின் விதிப்படி, சடங்கு நடக்காதவருக்கு ஓடை இறங்காது; அவரால் வாசலைக் கடக்க முடியாது. ஆனால் அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் அவன் பெயரைச் சொல்கிறாள், அவனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு எடுத்து மூடி வைக்கிறாள். ஆகவே வாசலுக்கு வெளியே நிற்கும் அவன், உள்ளேயிருக்கும் எவரையும்விட நன்றாக உண்டவனாகவும், எல்லா நினைவுகளோடும், எல்லா முகங்களோடும் நிற்கிறான். உள்ளே போனவர்கள் அமைதியடைந்து மறக்கிறார்கள். வெளியே நிற்பவன் அமைதியின்றி முழுமையாக இருக்கிறான். இவற்றில் எது மேலானது என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தாயின் பக்கத்தையும் மகனின் பக்கத்தையும் சம எடையோடு எழுதுங்கள். உண்மையான ஒருவரின் துயரத்தை அடையாளம் தெரியும்படி எடுத்தாளாதீர்கள். கதைக்குத் தேவைப்படுவது அந்த நிலைமையின் அமைப்பு மட்டுமே.

ஒன்பதாம் படி: உயிரோடிருப்பவர் இறங்கினால் என்ன விலை

கதைக்குள் யாராவது ஒருவர் இறந்தவரைத் தேடி இறங்கவே செய்வார். விலை விதியிலிருந்தே வர வேண்டும். ஆழ்புலத்தில் இறங்குபவரும் ஏழு ஊற்றுகளில் குளிக்க வேண்டும்; தேடிப்போனவரின் பெயரையே ஏழாவதில் இழந்துவிடுவார். ஆகவே அவர் மேலே ஒருவரை நிறுத்திவிட்டுப் போகிறார், அந்தப் பெயரை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க. மேலே இருப்பவர் களைத்து உறங்கும் கணமே கதையின் உச்சம்.

பத்தாம் படி: சோதித்துப் பாருங்கள்

திருகோணமலையில் இந்துக்களின் சுடலை, முஸ்லிம்களின் மையவாடி, கிறிஸ்தவர்களின் சேமக்காலை என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி இடமும் தனி நம்பிக்கையும் உண்டு. நிலாவெளி வீதியில் போர்வீரர் மயானமும் இருக்கிறது. உங்கள் கற்பனை விதிக்குள் இன்றைய சமயத்தவரின் இறந்தோரைக் கொண்டுவந்து அடைக்காதீர்கள். சடங்கின் வடிவத்தைக் கற்றுக்கொண்டு, அதைக் கற்பனை மக்களுக்கு வேறு பெயரோடு கொடுங்கள். அந்தக் கற்பனை ஊரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட நம்பிக்கைகள் இருக்கட்டும். வேறு நம்பிக்கையோடு இறந்த அயலவர் எங்கே போனார் என்று ஆழ்புலத்தில் ஒருவர் தேடட்டும்.

பிறகு, கதையில் எந்த முக்கியத்துவமும் இல்லாத ஒருவரை அந்த உலகுக்கு அனுப்பி மூன்று பக்கம் எழுதுங்கள்: பிறந்து பெயர் வைக்குமுன் இறந்த குழந்தை ஒன்று, மறுமணம் செய்த கணவனின் முதல் மனைவி ஒருத்தி, பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்த ஒருவர். விதி இவர்களிடம் என்ன செய்கிறது என்று பாருங்கள். பெயரில்லாக் குழந்தையை அனுப்பியபோது ஆழ்புலத்தில் ஒரு புதிய வழக்கம் தேவைப்பட்டது: பெயர் நிற்கப்போகும் பூட்டிமார் அப்படி வரும் குழந்தைக்குத் தம் பெயரைக் கொடுத்துவிட்டுச் சரிவில் இறங்குகிறார்கள். விதி அப்படியே நிற்கிறது; அதற்குள்ளிருந்தே ஒரு வழி திறந்திருக்கிறது. உங்கள் உலகில் அப்படியொரு வழி கிடைக்கும்வரை மூன்று பக்கங்களைத் திரும்பத் திரும்ப எழுதுங்கள். கிடைத்தபின் முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.